கசப்பு வேண்டாமுன்னுதான்

எங்க வீட்ல கொழந்தை கிடையாது கண்ணு. பக்கத்து வீட்ல ரெண்டு இருக்குது, எதுத்த வீட்ல ஒண்ணு, கடைசி வீட்ல கைக்கொழந்தை. அங்கெல்லாம் போய்க் குடு. இங்க நான் ஒருத்திதான். எனக்கு எதுக்கு பவுடரும் மாத்திரையும்?

இரு, இரு. அந்த அட்டையைத் திருப்பு பாப்போம். ஆமா, இதேதான். இந்த மாத்திரையேதான். தண்ணியில போட்டா கரைஞ்சு மாவாட்டம் ஆகும்.

உள்ள வா. வெயில்ல முகமே கறுத்துப்போச்சு உனக்கு. இந்தா தண்ணி. காச்சுன தண்ணிதான், பயப்படாமக் குடி. இப்பெல்லாம் காச்சித்தான் குடிக்கறேன். கிட்ட வந்து உக்காரு, தறிச் சத்தத்துல பேசறது கேக்காது. எங்களுக்குப் பழகிப்போச்சு. தறி நின்னாத்தான் எங்களுக்குக் காதடைக்கும்.

நீ புதுசா? இதுக்கு முன்னாடி எஸ்தர் நர்சம்மாதான் வருவாங்க. மாத்தலாகிப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க. நல்ல மனுசி. என்ன, பேச்சு வேகம். ஒரு வீட்ல நிக்கறப்பவே ஒரு காலு அடுத்த வீட்டு வாசப்படியில இருக்கும். அவுங்களைக் குத்தம் சொல்லக்கூடாது, எத்தனை வீடு ஏறி இறங்கறாங்க. அவுங்கதான் மொதமொதல்ல இந்த மாத்திரையை இங்க கொண்டாந்தது. இதால எங்க குடும்பமே ரெண்டாப் போச்சு கண்ணு. நான் சும்மா சொல்லலை. கேளு, கேட்டுட்டு நீயே சொல்லு. யார் மேல தப்புன்னு.

எம் பேரு மாதேஸ்வரி. எனக்குப் பொறவு ஒரே தம்பி. செங்கோட்டுவேலு. திருச்செங்கோட்டு மலைக்கு வேண்டிக்கிட்டுப் பொறந்தவன். அவனுக்குப் பால்பல்லு விழற வயசுல எங்கம்மா போயிட்டாங்க. எனக்கு அப்பத்தான் கல்யாணமாகியிருந்துச்சு. அந்த மனுசன் லாரிக்குப் போனவரு, கிருஷ்ணகிரிக்கு அக்கட்ட வண்டி கவுந்து, அங்கேயே முடிஞ்சுபோச்சு. நான் இங்க வந்துட்டேன். தம்பியை நாந்தான் வளத்துனேன். நான் பெத்தா என்ன, எங்கம்மா பெத்தா என்ன. மறுகல்யாணத்துக்குக் கேட்டு வந்தாங்க. முடியாதுன்னுட்டேன். தறிக்கு ஊடை நூல் சுத்திக் குடுப்பேன், தார் சுத்தறதுன்னு சொல்லுவோம். அதுல வளத்துனேன் அவனை.

நவமணியைக் கட்டி வெச்சதும் நாந்தான். எடப்பாடிப் பக்கத்துப் புள்ளை. பத்தாவது படிச்சவ. அதிகம் பேச மாட்டா. எதைச் சொன்னாலும் "செரிங்கண்ணி, செரிங்கண்ணி"ம்பா. இப்படி ஒரு புள்ளை வாய்க்குமான்னு நானே ஊரெல்லாம் பெருமை சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ரெண்டு பேரும் இந்தா இந்தப் பட்டறையிலதான் தறி ஓட்டுனாங்க. கேக்குது பாரு, அந்தச் சத்தம்தான்.

கொழந்தை பொறந்துச்சு. பொம்பளைப் புள்ளை. வேதவர்ஷினின்னு என்னமோ பேரு வெச்சாங்க. எனக்கு வாயில நொழையாது. பாப்புன்னுதான் கூப்புடுவேன். பாப்புன்னாத்தான் அதும் திரும்பிப் பாக்கும். நவமணி வேலைக்குப் போயிட்டா பொழுதுக்கும் எங்கிட்டத்தான். மத்தியானம் வந்து பால் குடுத்துட்டு ஓடுவா. மத்ததெல்லாம் நானு. குளிக்க வெக்கறது, சாம்பிராணி போடறது, தூங்க வெக்கறது. அது மொதல்ல பேசுன வார்த்தை என்ன தெரியுமா? "அத்தே." அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. நவமணி சிரிச்சுக்கிட்டே, "உங்க புள்ளைதாங்கண்ணி இது"ன்னா. அவ வாயாலயே சொன்னா. அதை மறந்துட்டா பாரு.

அந்த வருசம் ஐப்பசியில மழைன்னா மழை, அப்படியொரு மழை. சாக்கடைக்குள்ளயேதான் குடிதண்ணிக் குழாய் போகுது, வர்ற வழியில நீயே பாத்திருப்ப. குழாய்த் தண்ணி கலங்கலா வந்துச்சு. லைன்ல ஒரு வீடு பாக்கியில்லை, எல்லாத்துக்கும் வயித்தால போகுது. பாப்புவுக்கும் ஆயிருச்சு. நான் ஓமம் வறுத்துக் குடுத்தேன், வசம்பு சுட்டு ஒரைச்சேன். நிக்கலை. நவமணிதான் எஸ்தர் நர்சம்மாவைக் கையோட கூட்டியாந்துட்டா.

அந்தம்மா கொழந்தை வயித்தைக் கிள்ளிப் பாத்தாங்க, நாக்கைப் பாத்தாங்க. பவுடரும் மாத்திரையும் எடுத்து வெச்சாங்க.

"பவுடரை ஒரு லிட்டர் காச்சி ஆறுன தண்ணியில கலக்கிக்கங்க. ஒவ்வொரு தடவை போகும்போதும் குடுங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. இந்த மாத்திரை தினம் ஒண்ணு, கரண்டியில கரைச்சு ஊட்டுங்க. பதினாலு நாள். நடுவுல போக்கு நின்னாலும் நிறுத்தக்கூடாது. என்ன?"

நவமணி கேட்டா, "நின்ன பொறவு எதுக்குங்க மேடம்?"

"போக்கோட உடம்புல இருக்கற ஜிங்க் சத்தும் போயிரும்மா. அதைத் திரும்ப நிரப்பணும். நிரப்பலைன்னா ரெண்டு மூணு மாசத்துல மறுபடி வர்றதுக்கு வழியாயிரும். ஏற்கனவே எடை கம்மியா இருக்கற கொழந்தை."

எடை கம்மியாம். எங்க பாப்புவைப் பாத்து. எனக்குச் சுருக்குன்னுச்சு. கண்ணு வெக்கற மாதிரி இப்படியெல்லாம் ஒரு கொழந்தையை முன்னால வெச்சுக்கிட்டுப் பேசுவாங்களா? அவுங்க போனதும் மொளகாயும் உப்பும் சுத்தி அடுப்புல போட்டேன்.

அன்னிக்கு நவமணி மாத்திரையைக் கரைச்சு ஊட்டுனா. கொழந்தை மூஞ்சியைப் பாத்திருக்கணும் நீ. அப்படியே கோணிப்போச்சு. ஓங்கரிச்சு, குடிச்ச பாலையும் சேத்துக் கக்கிருச்சு. என்ன கருமம்னு நான் ஒரு துளி நாக்குல வெச்சுப் பாத்தேன். அதுல இனிப்பு ஏதோ போட்டிருக்கான். மேலாக்க இனிக்குது, அடியில பாத்தா, பழைய காசை நாக்குல வெச்ச மாதிரி. துருவேறுன தகரத்தை நக்குன மாதிரி. நீ தின்னு பாத்திருக்கியா? பாத்ததில்லை இல்ல? வீடு வீடாக் குடுக்கற. ஒருக்கா தின்னு பாரு.

நவமணி மறுநாளு வேலைக்குப் போகணும். லீவு போட்டுப் போட்டுப் பாத்தாச்சு, பட்டறைக்காரன் சத்தம் போடறான். போறப்ப எங்கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னா, "அண்ணி, பவுடர்த் தண்ணி குடுத்துக்கிட்டே இருங்க. அந்த மாத்திரையை மட்டும் மறக்காமக் குடுத்துருங்கண்ணி. உங்களைத்தான் நம்பிப் போறேன்."

"போ, போ, நான் பாத்துக்கறேன்"னேன்.

பவுடர்த் தண்ணி குடுத்தேன். ஆசையாத்தான் குடிச்சுது. ஒரு ரெண்டு நாளு, போக்கு மட்டுப்பட்டு நின்னேபோச்சு. கொழந்தை சிரிக்குது, வெளையாடுது, தார்க்குச்சியை உருட்டி விட்டுக்கிட்டு அது பின்னாலயே தவழுது. நல்லா இருக்கற கொழந்தைக்கு எதுக்கு மாத்திரை? நீயே சொல்லு. தலைவலி போன பொறவு நீ தைலம் தேப்பியா? சத்து வேணும்னா ராகிக் கூழ் இருக்குது, பருப்புத் தண்ணி இருக்குது. தகரத்தைக் கரைச்சு ஊத்தித்தான் சத்து வரணுமா?

நான் ஊட்டலை. அந்தக் கசப்பு அதுக்கு வேண்டாமுன்னுதான். மாத்திரையைக் கண்டாலே அது எம் மூஞ்சியைப் பாத்து அழுவுது கண்ணு. "அத்தே"ன்னு கூப்புட்டுக்கிட்டு வர்ற கொழந்தை, என்னைக் கண்டு தலையைத் திருப்பறதுன்னா எனக்கு எப்படி இருக்கும்?

ஆனா நவமணி படிச்ச புள்ளை, பயந்துக்குவா. அதனால தினம் ஒண்ணு பிதுக்கி எடுத்துச் சாக்கடையில விட்டுருவேன். பொழுதோட வந்ததும் மொத வேலையா அட்டையைத்தான் பாப்பா.

"குடுத்தீங்களாண்ணி?"

"குடுத்தாச்சு."

"கக்குனாளா?"

"எங்க கக்குனா? சமத்தா முழுங்கிருச்சு உம் புள்ளை."

அவளுக்கு மூஞ்சியெல்லாம் சிரிப்பு. கொழந்தையைத் தூக்கி, "எஞ்சாமி, எந்தங்கம், மாத்திரை முழுங்குச்சா"ன்னு வயித்துல மூஞ்சியை வெச்சுத் தேய்ப்பா. அது கெக்கெக்கேன்னு சிரிக்கும். லீவு நாளுன்னா அவ எந்திரிக்கறதுக்கு முந்தியே, "காலையிலயே ஊட்டிட்டேன்"ம்பேன். அவ சந்தோசத்தைப் பாக்க எனக்கும் சந்தோசம். ஒரு வார்த்தை மாத்திச் சொல்லி ரெண்டு பேருக்கு நிம்மதின்னா, அதெல்லாம் பொய்யில சேத்தியா?

அட்டை காலியாச்சு. எஸ்தர் நர்சம்மா வந்தாங்க, அட்டையைப் பாத்தாங்க. "சூப்பர் நவமணி, இந்த லைன்லயே நீதான் ஒழுங்காக் குடுத்திருக்க"ன்னு பாராட்டிட்டுப் போனாங்க. நவமணி என்னைக் காட்டி, "நான் எங்க மேடம், எல்லாம் எங்க அண்ணிதான்"னா. அன்னிக்குப் பூராவும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா.

தண்ணி இன்னும் கொஞ்சம் குடிக்கறியா? வேண்டாமா. செரி.

கார்த்திகை பொறந்துச்சு. கொழந்தை கொஞ்சம் வாட்டமாத்தான் இருந்துச்சு. சோறு ரெண்டு வாய்க்கு மேல வாங்காது. பல்லு மொளைக்கற கொழந்தை எளைக்கத்தான் செய்யும். எங்க வேலுவும் அப்படித்தான், சின்னதுல ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான். வளந்து நூல் மூட்டையே தூக்குனான்.

ஒருநாளு நவமணியும் வேலுவும் வேலைக்குப் போன பொறவு ஆரம்பிச்சுது. பச்சையா, தண்ணி தண்ணியா. துணியை மாத்தறேன், மாத்தறேன், மாத்திக்கிட்டே இருக்கறேன். எனக்குப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. இது தொக்கம். தொண்டையில எதுவோ சிக்கிக்கிட்டு வயித்தைக் கெடுக்குது. முந்துன நாளு வடையில ஒரு துணுக்குப் பிச்சுக் குடுத்தேன், அதாத்தான் இருக்கும்.

பட்டறைக்கு ஆள் விட்டிருக்கலாம். நாலு எட்டு வெச்சாப் பட்டறை. நானேதான் வேண்டாமுன்னு விட்டேன். அவ வந்தான்னா பதறுவா, அழுவா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவா. அங்க ஊசியைக் குத்திக் கொழந்தையை வதைப்பாங்க. அவ வர்றதுக்குள்ள சொகம் பண்ணி வெச்சுட்டா, அவளுக்கு ஒரு அலைச்சல் மிச்சம். அப்படித்தான் நெனைச்சேன். எல்லாம் அவளுக்காகத்தான்.

பவுடர்ப் பாக்கெட் மிச்சம் அலமாரியில இருந்துச்சு. நெனைப்பு வராம இல்லை. ஆனா பாரு, கொழந்தைக்குத் தண்ணியாப் போகுது. போறது போக, மேல மேல தண்ணியை ஊத்துனா நிக்குமா? போன தடவை லேசா இருந்துச்சு, குடுத்தேன். இது வேற. துண்டுல சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

ஆத்துக்கு அக்கட்ட, பவானிப் பக்கத்துல ஒரு ஊர்ல தொக்கம் எடுக்கற அம்மா ஒருத்தி இருந்தா. கைராசிக்காரி. அன்னிக்குன்னு பாத்து வாசல் நெறைய கூட்டம். வெயில் ஏறிப்போச்சு. நம்ம மொறை வந்ததும், கொழந்தை வயித்தை நீவி, ஒரு கொழாயை வெச்சு உறிஞ்சி, உள்ளங்கையில துப்பிக் காட்டுனா. உளுந்துத் தோலு மாதிரி ஒண்ணு. எங்கண்ணால பாத்தேன். "இதுதான் சிக்கியிருந்துச்சு. பொழுது சாயற வரைக்கும் பாலு, தண்ணி, எதும் குடுக்காத"ன்னா.

நான் குடுக்கலை. சொன்னதைச் சொன்னபடிதான் செஞ்சேன்.

திரும்பி வர்ற பஸ்ல பக்கத்துச் சீட்டுல ஒரு பொம்பளை பாட்டில்ல தண்ணி குடிச்சா. பாப்பு அதையே பாத்துச்சு. பாத்துக்கிட்டே இருந்து, கையை நீட்டுச்சு. அந்தப் பொம்பளைக்கு மனசு கேக்கலை போல. "ஏனுங்கக்கா, கொழந்தைக்கு ஒரு முழுங்கு குடுக்கட்டுமா?"ன்னா. "வேண்டாங்க, பத்தியம்"னுட்டு அந்தக் கையை மடக்கி என் மாராப்புக்குள்ள வெச்சுக்கிட்டேன். அதுக்கப்பறம் அது கேக்கவே இல்லை. அழுவக்கூட இல்லை. அவ்வளவு நேரம் நைநைன்னுக்கிட்டு இருந்த கொழந்தை, தோள்ல சாஞ்சு அப்படி ஒரு தூக்கம். பாத்தியா, தொக்கம் எடுத்ததும் எவ்வளவு நிம்மதியாத் தூங்குதுன்னு நெனைச்சுக்கிட்டேன். தெய்வத்தைக் கும்புட்டுக்கிட்டேன் பஸ்லயே.

வீட்டுக்கு வந்து தொட்டில்ல போட்டேன். போக்கும் கம்மியாயிருச்சு. உள்ள என்ன இருக்குது போறதுக்கு.

பொழுது சாயறப்ப நவமணி வந்தா. "என்னங்கண்ணி, இந்நேரத்துக்குத் தூங்கறா?"ன்னுக்கிட்டே தொட்டிலை வெலக்குனா. அவ்வளவுதான். ஒரு சத்தம் போட்டா பாரு. தறி ஓடறப்பவே லைன்ல எல்லாத்துக்கும் கேட்டுச்சு. கண்ணு ரெண்டும் உள்ள போயிருச்சு, ஒதடு காஞ்சு வெடிச்சிருக்குது. எனக்குத் தெரியலை கண்ணு, சத்தியமா. எங்கூடவேதான இருந்துச்சு? கூடவே இருக்கறவங்களுக்கு அதெல்லாம் தெரியாது.

ஆட்டோவைப் புடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். வேலு வந்து சேந்தான். கையில நரம்பு கெடைக்கலை, கால்ல கெடைக்கலை, கடைசியில எலும்புல போட்டாங்க ஊசியை. எலும்புல! நான் சொன்னேனில்ல, வதைப்பாங்கன்னு. சின்ன வயசு டாக்டரு. "காலையிலயே ஏன் கொண்டு வரலை? குடிக்க என்ன குடுத்தீங்க?"ன்னாரு. நவமணி என்னைப் பாத்தா. "பத்தியத்துல இருந்துச்சுங்க"ன்னேன். அவரு சீட்டுல எழுதிக்கிட்டாரு. அப்பறம் கேட்டாரு, "போன மாசம் போக்கு வந்தப்ப ஜிங்க் மாத்திரை முழுசாக் குடுத்தீங்களா?"

நவமணி சொன்னா, "குடுத்தோம் சார். ஒரு நாளு தவறாமக் குடுத்தோம்."

நான் வாயைத் தொறக்கலை. டாக்டருகிட்ட எதுக்கு எதுத்துப் பேசறது. அவரே ஓடிக்கிட்டிருக்காரு.

மறுநாளு சூரியன் நல்லா மேல ஏறுனப்ப போயிருச்சு கண்ணு. நவமணி மடியிலதான். மடியில வெச்சுக்கிட்டே இருந்தா, நர்ஸு வந்து தொட்டுப் பாத்துத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது.

ஆத்தோரமாக் கொண்டுபோய்ப் பொதைச்சோம். வேலுதான் கையில ஏந்திட்டுப் போனான். பொம்பளைங்க வரக்கூடாதுன்னுட்டாங்க. நான் இந்த வாசல்லயே விழுந்து பொரண்டேன். லைனே அழுதுச்சு, என்னைப் பாத்துத்தான். "பெத்தவளைவிட இவதான்யா பாவம்"னு சொன்னாங்க. நவமணிக்குக் கண்ணுல தண்ணி வரலை. செவுத்துல சாஞ்சு உக்காந்தவ உக்காந்தவதான்.

விசயம் கேட்டு எஸ்தர் நர்சம்மா வந்தாங்க. வந்தவங்க வண்டிச் சாவியைக்கூடக் கையில இருந்து வெக்காம, இந்தா, நீ உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்து அழுதாங்க. நவமணி மெதுவா வந்து அவுங்க கையைப் புடிச்சா. சண்டை புடிக்கலை. சும்மாத்தான் கேட்டா.

"நீங்க சொன்னபடிதானே மேடம் செஞ்சேன். ஒண்ணு விடாமக் குடுத்தேனே மேடம். அப்பறம் ஏன் வந்துச்சு? எங்க மேடம் தப்புப் பண்ணுனேன்?"

அந்தம்மா மூக்கைத் தொடைச்சுக்கிட்டாங்க. "மாத்திரை எல்லாத்தையும் தடுத்துரும்னு இல்லைம்மா... சில கொழந்தைங்களுக்கு..."ன்னு என்னமோ இழுத்தாங்க.

நவமணி திரும்பத் திரும்ப அதையே கேக்கறா. "பால்ல கரைச்சிருக்கணுமா மேடம்? மொத நாளு கக்குனாளே, இன்னொண்ணு குடுத்திருக்கணுமா? தண்ணி சூடு ஆறாம இருந்துச்சோ?" தன்னைத்தானே போட்டுக் கிழிச்சுக்கறா. எனக்குப் பாக்க முடியலை கண்ணு. பெத்தவ இல்லையா. அவ மனசு ஆறட்டும்னுதான், அவ பக்கத்துல உக்காந்து, தலையைத் தடவிக் குடுத்து, நான் சொன்னேன்.

"அம்மிணி, நீ எதுக்கு வெசனப்படற? உம் மேல ஒரு தப்பும் இல்லை. அந்த மாத்திரையை அது திங்கவே இல்லை. மொத நாளு நீ குடுத்ததையும் கக்கிருச்சு. அதுக்கப்பறம் ஒண்ணுகூட நான் ஊட்டலை. எல்லாம் சாக்கடையிலதான் போச்சு. இருந்த கொஞ்ச நாளுல அந்தக் கசப்பு இல்லாமயாவது சந்தோசமா இருந்துட்டுப் போச்சுன்னு நெனைச்சுக்க."

நல்லதுக்குத்தான சொன்னேன்? வேற யாராச்சும்னா இதை மறைப்பாங்க. நான் எதுக்கு மறைக்கணும்? எங்கிட்டக் கள்ளமில்லை.

நர்சம்மா எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க. வேலு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நவமணி எம் மூஞ்சியையே பாத்தா.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லை சாமி"ன்னேன்.

அவ எந்திரிச்சா. என் கையை அவ தலையில இருந்து எடுத்து, என் மடியிலயே வெச்சா. பட்டுனு தள்ளி விடலை. மெதுவா எடுத்து வெச்சா. கொடியில கெடந்த அவ சேலையையெல்லாம் ஒண்ணொண்ணா மடிக்க ஆரம்பிச்சா. நான் என்ன, ஏதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கறேன், அவ பாட்டுக்கு மடிக்கறா. வேலுவைப் பாத்து, "நான் எடப்பாடிக்குப் போறேன். நீங்க வர்றதுன்னா வாங்க"ன்னா. அவ்வளவுதான். அன்னிக்குப் போனவங்கதான்.

அவனும் போயிட்டான் கண்ணு. வாசல்ல நின்னு, "அக்கா"ன்னான். போயிட்டான். நான் வளத்துன பையன். ஒரு வார்த்தை, "எங்கக்காவும் மனசறிஞ்சு செய்வாளா"ன்னு பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா? கேக்கலை. நான் இன்னிக்கு வரைக்கும் யோசிக்கறேன், அவளை நான் என்ன சொல்லிட்டேன்னு. ஆறுதல்தான் சொன்னேன். ஆறுதல் சொன்னா கோவம் வருமா? இல்ல, நான் ஆஸ்பத்திரியில வாயைத் தொறக்கலைன்னு கோவமா? என்னன்னே புரியலை. லைன்ல இருக்கறவங்களும் அப்பறம் ஒரு மாதிரி ஆயிட்டாங்க. எதுத்த வீட்டுக்காரி, முன்னெல்லாம் கொழந்தையை எங்கிட்ட விட்டுட்டுத்தான் கடைக்குப் போவா. இப்ப இடுப்புல தூக்கிட்டே போறா. கனமாருக்குதே, குடுத்துட்டுப் போன்னா, "பரவால்லைங்கக்கா"ங்கறா.

இரு, முடிச்சர்றேன். போகணும்னு தெரியுது. இதை மட்டும் கேட்டுட்டுப் போ.

இந்தத் தையிலதான் எனக்கு விசயமே தெரிஞ்சுது. எடப்பாடியில இருந்து நூல் கொண்டு வர்ற வண்டிக்காரரு சொன்னாரு, "உங்க தம்பிக்குப் பையன் பொறந்து ஆறு மாசமாச்சே, தெரியாதா?"ன்னு. எனக்குத் தெரியாது. எந்தம்பிக்குப் பையன் பொறந்தது எனக்குத் தெரியாது. தறி நூல் வண்டிக்காரருக்குத் தெரியுது.

கோவப்படலை நான். மறுநாளே கெளம்பிட்டேன். கொழந்தைக்குச் சட்டை, வசம்பு வளையலு, அரணாக் கயிறு, நவமணிக்குப் பூண்டு லேகியம். கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபுடிச்சேன். சின்ன ஓட்டு வீடு. வாசல்ல பால் டம்ளரைக் கழுவிக் கமுத்தி வெச்சிருந்தாங்க, கொடியில கொழந்தைத் துணி. அந்தத் துணியை ஒருக்கா தொட்டுப் பாத்தேன்.

வேலுதான் வந்தான். எளைச்சுப்போயிருந்தான். "அக்கா"ன்னான். உள்ள வான்னு சொல்லலை. வழியையும் விடலை. வாசப்படியிலயே நின்னான். பையை நீட்டுனேன், வாங்கிக்கிட்டான். "பையனைக் காட்டுடா"ன்னேன். அவன் திரும்பி உள்ள பாத்தான்.

அப்ப நவமணி வந்தா. இடுப்புல கொழந்தை. கொழுகொழுன்னு, எங்க வேலு மாதிரியே காது. என்னைப் பாத்து அதுக்கு ஒரு சிரிப்பு. நான் ரெண்டு கையையும் நீட்டுனேன். கொழந்தை எங்கிட்டத் தாவுச்சு கண்ணு, சத்தியமாத் தாவுச்சு, எங்கிட்ட வராத கொழந்தையே கிடையாது. அவ இறுக்கிப் புடிச்சுக்கிட்டா.

ரெண்டு வருசங்கழிச்சு அப்பத்தான் எங்கிட்டப் பேசுனா.

"அண்ணி, உங்க மேல எனக்குக் கோவம் இல்லை. ரொம்ப நாளு இருந்துச்சு. இப்ப இல்லை. நீங்க அவளை உசுரா வெச்சிருந்தீங்க, அது எனக்குத் தெரியும். ஆனா எம் புள்ளையை உங்க கையில நான் தர மாட்டேன்."

சத்தமாக்கூடச் சொல்லலை. மரியாதையாத்தான் சொன்னா. சொல்லிட்டு உள்ள போயிட்டா.

நீயே சொல்லு கண்ணு. கோவம் இல்லைன்னா குடுத்திருக்கணுமில்ல? உசுரா வெச்சிருந்தேன்னு அவளே சொல்றா. அப்பறம் என்ன? படிச்சவங்க பேச்சே எனக்கு வெளங்கறதில்லை. ஒருக்கா மடியில வெச்சுட்டுக் குடுத்திருப்பேன். ஒருக்கா. தூக்கிட்டா ஓடப்போறேன்?

உள்ள கொழந்தை அழுதுச்சு. எனக்குத் தெரியாதா, அது பசி அழுகை. "பசிக்கு அழுவுது பாரு நவமணி"ன்னு வாசல்ல இருந்தே சொன்னேன். வேலு என்னைப் பாத்தான். "பஸ்ஸுக்கு நேரமாயிரும்க்கா"ன்னான். கதவைச் சாத்துனான்.

மெதுவாத்தான் சாத்துனான். நான் வளத்துன பையன். சத்தமாச் சாத்த மாட்டான்.